புட்டி பூசிய டெக்

விக்னராஜா சிட்னிக்கு வந்து இறங்கியபோது அவருக்கு நாற்பது வயது. மனைவி சிவனேஸ்வரி நேர்ஸ். அவளுடைய படிப்புக்குத்தான் விசா கிடைத்தது. இவர் அவளோடு கூட வந்தவர். மற்றவர்கள் சொல்லிக்காட்டுவதற்கு முன்னால் இதை அவரே சொல்லிவிடுவார். காங்கேசன்துறையில் ஒரு பெரிய தொழிற்சாலைப் பட்டறையில் பதினாறு வருடம் ஃபிட்டராக இருந்தவர். ஆள் குள்ளம், கைகள் பெரியவை. கோபம் வந்தால் கத்தமாட்டார். வாயை இறுக்கி மூடிக்கொள்வார், அது நாட்கணக்கில் திறக்காது.

கொண்டுவந்த சான்றிதழ்களை இங்கே யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து மாதம் அலைந்தபின், 1975 ஓகஸ்ட் மாதம், செவன் ஹில்ஸில் புல்வெட்டும் மெஷின்கள் திருத்தும் ஒரு கொட்டகையில் வேலை கிடைத்தது. முதலாளி ரெக்ஸ் என்ற வெள்ளைக்காரர். அவருக்குக் கீழே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஃபோர்மன் மோகனதாஸ். மலேசியாவில் ஈப்போ பக்கத்துத் தமிழர், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், விக்னராஜாவைவிட ஆறு வயது இளையவர்.

பெயரைக் கேட்டதும் விக்னராஜாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முதல் நாள் காலை நேரே போய், "தம்பி, நீங்கள் தமிழோ? எனக்குப் பெரிய சந்தோசம்," என்றார்.

மோகனதாஸ் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இங்க தமிழ் வேணாம். தம்பியும் வேணாம். எல்லாரும் என்னை மோன்னு கூப்பிடுறாங்க, நீங்களும் அப்படியே கூப்பிடுங்க." அதன்பின் ஆங்கிலத்துக்கு மாறி, மண்ணெண்ணெய் வாளியையும் தூரிகையையும் காட்டினார். கழுவுகிற வேலை.

ஒன்றரை வருடம் விக்னராஜா கழுவினார். பிளேட் தீட்டினார், எண்ணெய் மாற்றினார். வெல்டிங் இருக்கிற பக்கம் போக அவருக்கு அனுமதி இல்லை. அவருக்குப் பிறகு வந்த பத்தொன்பது வயது வெள்ளைக்காரன் ஒருவன் மூன்றாம் மாதமே அங்கே நின்று பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். விக்னராஜா கேட்டபோது, "உங்க ஊர் சர்ட்டிஃபிகேட் இங்க செல்லாது, விக்," என்று மோகனதாஸ் ஆங்கிலத்தில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அன்றிலிருந்து விக்னராஜா அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக் 'குட் மோர்னிங்' சொல்வதை நிறுத்திவிட்டார்.

1977 பெப்ரவரியில் ஒரு சின்னத் தோட்ட டிராக்டர் வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தினுடையது. இந்த வகை டிராக்டரின் வயிற்றுக்கடியில் கவிழ்த்த தாம்பாளம் போல ஓர் இரும்புக் கூடு தொங்கும். அதற்குள் இரண்டு பிளேட்டுகள் சுழன்று புல்லை வெட்டும். அந்தக் கூட்டைத்தான் டெக் என்பார்கள். புல் ஒருபக்கம் உயரமாகவும் ஒருபக்கம் கட்டையாகவும் வெட்டுப்படுகிறது, ஏதோ கடகடவென்று சத்தமும் வருகிறது என்பது இல்லத்தாரின் முறைப்பாடு.

கழுவும் வேலை விக்னராஜாவுடையது என்பதால் டெக் அவர் கைக்கு வந்தது. அடியில் வருடக்கணக்கான புல் பச்சைச் சாணி போல அப்பிக் காய்ந்திருந்தது. சுரண்டினார். ஈரப்புல் ஒட்டிக் கிடந்தால் இரும்பு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் இவ்வளவு என்று நினைக்கவில்லை. இடப்பக்கப் பிளேட் தொங்குகிற தண்டைச் சுற்றி, மூன்று போல்ட் இறங்கும் இடத்தில், ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார். இரும்பின் சத்தம் வரவில்லை. மரக்கட்டையில் தட்டியது போல இருந்தது. கொஞ்சம் அழுத்தினார். பெயின்ட் தோல் கிழிந்து, உள்ளே வெள்ளையாகப் புட்டி தெரிந்தது. கார்களின் நெளிவை மூடுவதற்குப் பூசுகிற அதே புட்டி. துருப்பிடித்து உக்கிப்போன இரும்பின் மேல் அதைப் பூசி, மினுக்கி, செம்மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

சுவரில் தொங்கிய பழைய வேலை அட்டையை எடுத்துப் பார்த்தார். போன குளிர்காலத்தில் இதே டெக் வந்திருக்கிறது. கையொப்பம்: மோ.

மோகனதாஸிடம் நேரே போய்ச் சொன்னார். மற்றவர்கள் தேநீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தனியாக, தமிழில்தான் சொன்னார்.

"அந்த டெக்கில இரும்பு இல்லை. போல்ட் மூண்டும் புட்டியிலதான் நிக்குது. பிளேட் கழண்டு பறந்தா ஆராவது ஒருத்தன்ர கால் போகும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைச்சு வெல்ட் பண்ணவேணும். நான் செய்யிறன்."

மோகனதாஸ் அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆங்கிலத்தில் பதில் சொன்னார். புது டெக் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வர நான்கு மாதமாகும், வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார், ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடி.

"நான் அடிக்கமாட்டன்."

"அப்போ கழுவுற வேலைய மட்டும் பாருங்க," என்றார் மோகனதாஸ். அது மட்டும் தமிழில் வந்தது.

டெக்கை மோகனதாஸ் தானே தூக்கிக்கொண்டுபோய்ப் புட்டி பூசினார். தண்டு சுழலுகிற பெயரிங்கை மாற்றினார், பிளேட்டுகளைத் தீட்டினார், பெயின்ட் அடித்தார். வியாழன் மாலை டிராக்டர் கடையில் வாங்கியது போல வாசலில் நின்றது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதியோர் இல்லத்துத் தோட்டக்காரர் லெஸ் டிரெய்லரோடு வந்தார். ஒல்லியான மனிதர், ஓய்வு பெறும் வயது. முதலாளி ரெக்ஸ் வெளியே வந்து கைகுலுக்கினார். மோகனதாஸ் சாவியை நீட்டிக்கொண்டிருந்தார். அப்போது விக்னராஜா கொட்டகைக்குள்ளிருந்து இரண்டு இறாத்தல் சுத்தியலோடு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டிராக்டரின் இடப்பக்கம் முழங்கால் குத்தி இருந்து, டெக்கின் மேல் ஓங்கி ஒரே ஓர் அடி அடித்தார்.

சுத்தியலின் தலை உள்ளே போய்விட்டது. பிஸ்கட் நொறுங்குவது போல ஒரு சத்தம். வெள்ளைத் தூள் சிமெந்துத் தரையில் கொட்டியது.

ரெக்ஸ் போட்ட சத்தத்தில் உள்ளே வேலை செய்தவர்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். பைத்தியக்காரன், கறுப்பன், இன்னும் என்னென்னவோ. வாடிக்கையாளரின் மெஷினை அவர் கண்முன்னே உடைக்கிறாயா, வெளியே போ. விக்னராஜா எழும்பி நின்றார். சுத்தியலைத் தரையில் வைத்தார்.

லெஸ்தான் குனிந்தார். ஓட்டைக்குள் இரண்டு விரல் விட்டு, ஒரு துண்டை உடைத்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து நசுக்கினார்.

"இதன்மேல்தான் நான் உட்கார்ந்து ஓட்டவேண்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஐம்பது கிழடுகள் தோட்டத்தில் உட்கார்ந்திருக்குதுகள். இதைச் செய்தது யார்?"

மோகனதாஸின் கையில் சாவி அப்படியே இருந்தது. ரெக்ஸ் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் முகம் இன்னும் சிவந்தது. கடைசியில் விக்னராஜாவைப் பார்த்து விரலை நீட்டினார்: "உடைத்தவன் நீ. நீயே சரிசெய். புதன்கிழமைக்குள். சரிவராவிட்டால் நீங்கள் இரண்டு பேருமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம்."

அன்று பின்னேரம் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சிவனேஸ்வரிக்கு நடந்ததைச் சொன்னார். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"இஞ்சருங்கோ, முதலாளியைத் தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே? வியாழக்கிழமை முழுக்க நேரம் இருந்தது தானே?"

"இருந்தது."

"அப்ப நீங்கள் அடிச்சது அந்த மெஷினையோ, அந்த மனுசனையோ?"

விக்னராஜாவுக்கு அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ரெண்டையும்தான். உண்மையைச் சொன்னால், அடிக்கேக்க எனக்கு நல்லாயிருந்தது."

"அதுதான் எனக்குப் பயம்," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

திங்கட்கிழமை கொட்டகையில் யாரும் அவரோடு பேசவில்லை. மோகனதாஸை அங்கே எல்லாருக்கும் பிடிக்கும். அவர் பெயரைக் கெடுத்தவனை யாருக்குப் பிடிக்கும்? விக்னராஜாவின் தேநீர்க் கோப்பைக்குள் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். அவர் அதைக் கழுவி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். வெல்டிங் மெஷின் வேண்டும் என்றபோது, மற்றவர்கள் தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் போகிற நேரத்தில் மட்டும் எடுக்கலாம் என்றார் மோகனதாஸ். மற்ற நேரமெல்லாம் கழுவுகிற வாளி காத்திருந்தது.

அவர் அவசரப்படவில்லை. டெக்கைக் கழற்றி, புட்டி முழுவதையும் சுரண்டி எறிந்தார். கம்பித் தூரிகையால் தேய்த்து, சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டி, நல்ல இரும்பு எங்கே தொடங்குகிறது என்று சோக்கட்டியால் கோடு போட்டார். உடனே வெட்டவில்லை. முதலில் ஒரு தகரத் துண்டில் அந்த மூன்று போல்ட் துளைகளையும் தண்டின் நடுவையும் அளந்து ஓர் அச்சு எடுத்துக்கொண்டார். உக்கியதை வெட்டிய பிறகு நடு எங்கே இருந்தது என்று காட்ட எதுவும் மிஞ்சாது. ஒரு நூல் அளவு பிசகினாலும் இரண்டு பிளேட்டும் ஒன்றோடொன்று மோதும்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த அச்சைக் காணவில்லை. வைத்த இடம் வெறுமையாக இருந்தது. சுற்றி நின்றவர்களில் இருவர் மெஷினுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விக்னராஜா ஒன்றும் கேட்காமல் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து இன்னொரு தகரத்தை எடுத்தார். திங்கட்கிழமையே இரண்டு வெட்டியிருந்தார். ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்.

டெக்கைக் கனமான ஓர் இரும்பு மேசையில் கவிழ்த்து, நான்கு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கினார். உக்கியதை வெட்டி எறிந்துவிட்டு, பழைய தகட்டைவிடத் தடிப்பான வட்டத் தகடு ஒன்றை வெட்டி, அச்சின்படி துளை போட்டுத் தண்டின் இடத்தில் பொருத்தினார். ஒரே இழுவையாக வெல்ட் பண்ணினால் சூட்டில் தகடு பப்படம் போல வளைந்துவிடும். ஆகவே இந்தப் பக்கம் ஓர் அங்குலம், ஆறவிட்டு எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம் என்று, எல்லாரும் தேநீர் குடித்துச் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டபடி தையல் போட்டார். ஒன்றரை வருடம் தொடாத கை முதல் இரண்டு தையலில் தடுமாறியது. அவற்றை அரைத்து எறிந்துவிட்டு மறுபடி போட்டார். மூன்றாவதிலிருந்து கை தன் பாட்டில் போனது. புதன் மதியம் பெயரிங், தண்டு, பிளேட், பெல்ட் எல்லாம் ஏறி, டெக் டிராக்டருக்கடியில் தொங்கியது.

ரெக்ஸ் வந்தார். சோதிப்பது ஃபோர்மனின் வேலை என்பதால் மோகனதாஸ் வந்தார். அவர் இரக்கமே காட்டவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு தையலையும் கிளறினார். பிளேட்டுகளைக் கையால் சுற்றி, ஒவ்வொரு முனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அடிமட்டம் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு விக்னராஜாவின் அதே சுத்தியலை எடுத்து, அதே இடத்தில், அதே வேகத்தில் அடித்தார். மணி அடித்த மாதிரிச் சத்தம் கேட்டது. அட்டையில் கையொப்பம் வைத்து, ரெக்ஸிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

வேலை முடிந்து கை கழுவுமிடத்தில் இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். வேறு யாரும் இல்லை.

"உள்ளுக்குள்ள சொல்லியிருக்கலாம்," என்றார் மோகனதாஸ். தமிழில் பேசினார். "அந்த வெள்ளைக்காரங்க முன்னால செய்யணுமா?"

"உள்ளுக்கதான் சொன்னனான். தமிழில சொன்னனான். நீங்கள் இங்கிலிஸில பதில் சொன்னீங்கள்."

"எட்டு வருசம் நான் ஒருத்தன்தான் இங்க கறுப்பு. ஒரு தப்பு பண்ணக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். ரெக்ஸ் சீக்கிரம் முடி, சீக்கிரம் முடின்னு கழுத்தைப் பிடிப்பான். உங்களுக்கு என்ன தெரியும்? இப்ப அவங்களுக்கு நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான். ஒருத்தன் ஏமாத்துறவன், ஒருத்தன் சுத்தியல் தூக்குறவன்."

அதில் உண்மை இருந்தது விக்னராஜாவுக்குத் தெரிந்தது. ஆனால் ஒன்றரை வருடத்து மண்ணெண்ணெய் மணம் அவர் விரல்களில் இருந்தது. "ஒரு கிழவன்ர கால் போயிருந்தா, அவனுக்கும் இந்தக் கதையைச் சொல்லியிருப்பீங்களோ?" என்று கேட்டார்.

மோகனதாஸ் குழாயை மூடாமலே போனார். விக்னராஜா மூடிவிட்டுப் போனார்.

ரெக்ஸ் இருவரையும் அனுப்பவில்லை. மோகனதாஸ் ஃபோர்மனாகவே இருந்தார். ஆனால் உக்கிய டெக் எது வந்தாலும் விக்னராஜாவின் மேசைக்கு வந்தது. அந்த ஏற்பாட்டை ரெக்ஸே போட்டார். அடுத்த இரண்டு வருடம் அவர்கள் பத்தடி இடைவெளியில் வேலை செய்தார்கள். வேலை அட்டையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போவார் ஃபோர்மன். இவர் அவர் போனபிறகு எடுப்பார். சிவனேஸ்வரி ஒருமுறை, "பொங்கலுக்கு அந்தக் குடும்பத்தைக் கூப்பிடுவமோ?" என்று கேட்டாள். "நீர் கூப்பிடும். நான் அண்டைக்கு வேலைக்குப் போறன்," என்றார் இவர். அவள் கூப்பிடவில்லை.

1979இல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலைக்கு விண்ணப்பித்தார். ஃபோர்மனின் கடிதம் கேட்டார்கள். மோகனதாஸ் இரண்டே வரி தட்டச்சு செய்து கொடுத்தார்: நேரத்துக்கு வேலைக்கு வருபவர். சொன்னதைக் கேட்டு நடக்கமாட்டார்.

கடிதத்தைப் படித்த அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "எதைக் கேட்டு நடக்கவில்லை?" என்றார். விக்னராஜா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னார், சுத்தியல் உட்பட. அடிக்கும்போது சந்தோசமாக இருந்ததை மட்டும் சொல்லவில்லை. அடுத்த மாதம் சேரச் சொன்னார்கள்.

கடைசி நாள் எல்லாரும் கை கொடுத்தார்கள், எண்ணெய் ஊற்றியவர்கள் உட்பட. மோகனதாஸ் அந்த நேரம் உதிரிப்பாகம் வாங்க வெளியே போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் விக்னராஜா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டார்.