கருவாட்டுப் படங்கில் காய்ந்த பிட்ச்

இன்று காலை மகளைக் கூட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் புறப்பட்ட மனைவி எனக்கு ஒரே ஒரு வேலைதான் தந்தாள்.

"மழை இருட்டுது. தூறினால் ஓடிப்போய் கரையில காயுற கருவாட்டைப் படங்கால மூடுங்கோ. பிள்ளையின்ர முதல்நன்மைச் சட்டைக்கு அதை வித்துத்தான் துணி எடுக்கவேணும்."

"ஓம், ஓம்" என்றேன்.

அந்தத் தார்ப்பாய்ப் படங்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கடற்கரைக்குப் பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட் மெட்ச் பார்க்க நின்றேன். ஒவ்வொரு ஞாயிறும் மழையால் தள்ளிப்போன இறுதிப்போட்டி. எங்கள் ஊர் வெல்லும் நிலையில் இருந்தது.

மழை கொட்டியது. நான் ஓடினேன். படங்கோடுதான் ஓடினேன். ஓடிப்போய் பிட்சை மூடினேன்.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள்தான் ஆட்டநாயகன்!" என்று பெடியள் கத்தினார்கள். நானும் வெட்கமில்லாமல் கையைத் தூக்கிக் காட்டினேன்.

மழை விட்டபோது, மனைவி வேலிக்கரையில் நிற்பதைக் கண்டேன். அப்போதுதான் கருவாடு நினைவுக்கு வந்தது.

அவள் ஏசவில்லை. "மெட்ச் முடிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை. மைதானம் முழுக்கத் தண்ணி. இண்டைக்கும் நடக்காதாம்."

அவள் போய், நனைந்த கருவாட்டைக் கூடையில் அள்ளத் தொடங்கினாள். கத்திய பெடியளும் என்னைப் பார்க்காமல் அவளுக்கு உதவப் போனார்கள். அதைவிட அவள் என்னை ஏசியிருக்கலாம்.

மகள்தான் வழி சொன்னாள். "அம்மா, அப்பா மூடின இடம் மட்டும்தான் காய்ஞ்சு கிடக்கு. அங்க விரிப்பமே?"

இப்போது பிட்ச் முழுக்கக் கருவாடு. காகம் விரட்டிக்கொண்டு நான் தனியே நிற்கிறேன்.

பார்த்துச் சிரிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு படங்கோடு வாங்கோ. வானம் மறுபடியும் கறுக்கிறது.