காயில் கருகும் வாசம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரிசிம்பருப்புச் சாதத்துக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் சமையலறையில் மோட்டார் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் தாமிரக் கம்பிச்சுருள்) கருகும் வாசம் வந்தது. அடுப்பை அணைத்தேன். மிக்ஸியைத் தொட்டுப் பார்த்தேன், ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன், மாடிக்கு ஏறித் தண்ணீர் மோட்டாரையும் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் சில்லென்று இருந்தன. மகள் தேன்மொழியிடம் கேட்டேன். "எனக்கு ஒன்னும் வரலீங்கம்மா, வெங்காய வாசந்தான் வருது" என்றாள்.

என் தொழிலைச் சொன்னால்தான் நான் செய்த தவறு புரியும். கோவையில் ஒரு சிறிய மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். தோட்டத்துக் கிணறுகளில் கருகிப்போன மோட்டார்கள் எங்களிடம் வரும். பழைய காயிலை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய தாமிரக் கம்பி சுற்றிக் கொடுப்போம். காயில் சுற்றுவது நான். கழற்றி மாட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும் கபீர் பாய். கோட்டைமேட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

அந்தப் பட்டறையில் என் மூக்குக்குத் தனி மரியாதை உண்டு. ஓடும் மோட்டார் கருகப் போவதை வாசத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடுவேன். அந்தப் பெருமையால்தான், மூக்கில் வந்த வாசத்தை நோய் என்று சந்தேகிக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. வேறு வேலை செய்கிற ஒருத்தி மறுநாளே மருத்துவரிடம் போயிருப்பாள். நான் மறுநாள் மோட்டார்களைச் சந்தேகித்தேன்.

வாரத்துக்கு ஒருமுறையாவது வாசம் வந்தது. வந்தால் மெயினை அணைக்கச் சொல்லிக் கத்துவேன். பாய் ஒவ்வொரு மோட்டாராகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் பச்சத் தண்ணியாட்ட இருக்குதுங்க அம்மணி" என்பார். காயிலுக்குப் பூசப் புதிதாக வந்த வார்னிஷ் டப்பாதான் காரணம் என்று அதை மாற்றச் சொன்னேன். பாய் லோடு அதிகமாகக் கொடுத்து ஓட்டுகிறார் என்றும் சொன்னேன். 

அடுத்து சுற்றுக் கணக்கு பிசகியது. நாற்பத்தெட்டுச் சுற்று வர வேண்டிய காயிலில் அறுபத்தொன்று இருந்தது. சுற்று மெஷினின் கைப்பிடியைச் சுற்றியது நான்தான். நாற்பத்தெட்டில் ஏன் நிறுத்தவில்லை என்று எனக்கு நினைவில்லை. மெஷினில் சுற்றுகளை எண்ணும் கருவி கெட்டுப்போயிற்று என்று முதலாளியிடம் சொல்லிப் புதிது வாங்க வைத்தேன். புதிதிலும் தவறு வந்தது.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது, நான் சுற்றி வைத்த காயிலை பாய் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "பதினோரு வருசமா சுத்தறனுங்க. எங்கையில நம்பிக்கை இல்லீன்னா மொதலாளிகிட்டச் சொல்லி வேற ஆள் வெச்சுக்குங்க" என்றேன். "அப்படி இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

அதே நாட்களில் ஃபியூஸ் கட்டைகளும் காணாமல் போகத் தொடங்கின. எங்கள் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுற்றிய காயிலைச் சோதிக்கும் டெஸ்ட் போர்டில் கம்பி இணைக்கிறவர், மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். நம் கை உள்ளே இருக்கும்போது வேறு யாரும் தெரியாமல் கரண்ட் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. நான் எப்போதும் என் சோத்துப்பையில் போட்டுக்கொள்வேன், யார் கையிலும் கொடுத்ததில்லை. இப்போது நான் போர்டுக்குப் போகும் முன்பே கட்டைகள் அங்கே இருக்காது. தேடித் தேடி எரிச்சலில் கத்தியிருக்கிறேன். பிறகு ஏதோ ஒரு மூலையில் கிடைக்கும்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு மாலை, தேன்மொழியை ட்யூஷனிலிருந்து ஸ்கூட்டரில் அழைத்து வந்துகொண்டிருந்தேன். வாசம் வந்தது. பஸ் ஏதோ கருகுகிறது போல என்று நினைத்தது வரை தெரியும். அதற்கு அடுத்து எனக்குத் தெரிந்தது, நாங்கள் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தோம். எங்கள் வழியில் அப்படி ஒரு கடையே கிடையாது. தேன்மொழி பின்னாலிருந்து என் இடுப்பை இறுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"செவப்பு விழுந்துருச்சுன்னு சொல்லச் சொல்லப் போனீங்கம்மா. பஸ் வந்துச்சு. கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறீங்க."

அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "அப்பாகிட்டச் சொல்லாத கண்ணு" என்பது. இதைப் படிக்கிற யாரும் என்னைப் போல அதைச் சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பிறகு பத்து நாட்கள் அவள் பள்ளிக்கு நடந்தே போகிறேன் என்று அடம்பிடித்தாள். காரணம் கேட்ட அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். என் பயத்தை அவள் தலையில் தூக்கி வைத்திருந்தேன்.

அந்தப் பத்து நாளும் எனக்கு என் கைகளைப் பார்த்தாலே பயமாக இருந்தது. அரிவாள்மனையில் உட்காரப் பயம். கொதிக்கும் எண்ணெய் முன்னால் நிற்கப் பயம். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, உள்ளே அது வந்தால் யார் கதவைத் திறப்பார்கள் என்று பயந்துகொண்டே குளிப்பேன். எந்த நிமிடம் என்னிடமிருந்து பிடுங்கப்படும் என்று எனக்குத் தெரியாது. பிடுங்கப்பட்டது கூடப் பிறகுதான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது.

கடைசியில் வீட்டில் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் தனியாகப் போனேன். ஈ.ஈ.ஜி. (தலையில் சிறு கம்பிகளை ஒட்டி மூளையின் மின் அசைவுகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் மூளையைப் படம் எடுப்பது) எடுத்தார்கள். இரண்டும் சுத்தமாக இருந்தன. உயிர் வந்தது போல எழுந்துவிட்டேன். மருத்துவர் அம்மா உட்காரச் சொன்னார்.

"இது அரை மணி நேரத்துப் பதிவு மட்டுந்தாங்க. அந்த அரை மணியில உங்களுக்கு ஒன்னும் வரலை, அவ்வளவுதான் இதுக்கு அர்த்தம். அது வரும்போது உங்களை யார் பார்த்திருக்காங்க?"

"யாரும் பார்க்கலீங்க. நானே சொல்றனுங்களே."

"நீங்க சொல்ல முடியாதுங்க. அந்த நேரத்துல அங்க இல்லாத ஒரே ஆள் நீங்கதான். இது ஒரு வகை வலிப்பா இருக்கலாம், பக்கத்துல இருந்து பார்த்தவங்களைக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பார்த்தவள் ஒருத்தி என் மகள், அவள் வாயை நான்தான் கட்டிவைத்திருந்தேன். பார்த்திருக்கக் கூடிய இன்னொருவரோடு நான் ஒரு மாதமாகப் பேசவில்லை. அவர் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். வலிப்பு என்று ஊரில் பேர் பரவினால் நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் வரை போய் நிற்கும் என்ற பயம் மறுபக்கம். கண்ணை மூடினால் அந்தப் பஸ் வந்தது. அதுதான் என்னை எழுப்பிப் பட்டறைக்கு அனுப்பியது.

பாய் பேரிங் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய், "பாய், எனக்கு என்னமோ ஆகுதுங்க. நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் துணியைக் கீழே வைத்தார். "ஏழு தடவைங்க அம்மணி."

சுற்று பிசகியதை வைத்து எனக்குத் தெரிந்தது மூன்று. மீதி நான்கு முறையும் நான் எங்கே இருந்தேன்? 

அவர் மெதுவாகச் சொன்னார். வரும் முன் நான் மூக்கைச் சுளிப்பேனாம். பிறகு எதையோ மெல்லுவது போல உதடு அசையும். இடது கை முந்தானையைப் பிடித்துப் பிசையும். வலது கை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் கேட்காது. ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு. முடிந்ததும் அவரைப் பார்த்து, "என்னங்க பாய்?" என்று கேட்பேனாம். ஒவ்வொரு முறையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்.

"அதனாலதான் சுத்து எண்ணிப் பார்த்தனுங்க. உங்க பேர் கெட்டுரக் கூடாதுன்னு, அதிகமானதப் பிரிச்சு வெச்சுருவேன். ஃபியூஸ் கட்டையும் நாந்தானுங்க எடுத்து சோப்புல போட்டுக்குவேன். போர்டுல கை வெச்சிருக்கறப்ப அது வந்துருச்சுன்னா என்னாவறது?"

சோப்பு என்றால் எங்கள் ஊரில் சட்டைப்பை. பதினொரு வருடம் யாரிடமும் கொடுக்காத கட்டைகளை, எனக்குத் தெரியாமல் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நான் திட்டியதையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க? புள்ளைய வெச்சுட்டு வண்டில செவப்பு சிக்னலத் தாண்டிப் போயிட்டனுங்க." என்றேன். 

"தப்புதானுங்க. மொதலாளிக்குத் தெரிஞ்சா உங்க வேலை போயிருமோன்னு பயந்துபோட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க உடஞ்சு போயிருவீங்களோன்னும் பயம். வண்டி ஓட்டறீங்கங்கறது என்ர புத்திக்கே எட்டலீங்க."

அவர் மேல் எனக்குக் கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். அவர் முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பஸ் வரை போயிருக்காது. ஆனால் என்னிடம் யாரால் எதைச் சொல்ல முடிந்தது?

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காங்கேயத்திலிருந்து எண்ணெய் லோடு ஏற்றி வருகிற டிரைவர் அவர். சிக்னல் கதையைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ரோட்டுல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா அம்மணி? புள்ளைய வேற சொல்லாதன்னு சொல்லிப்போட்டியே" என்றார்.  பிறகு எழுந்து போய் ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்து குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். மாமியார் மட்டும், "காக்கா வலிப்புன்னு வெளிய மூச்சு உட்டுராத" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் பயம் அவருக்கு.

மறுவாரம் கணவரும் பாயும் தேன்மொழியும் என்னோடு மருத்துவர் அறைக்கு வந்தார்கள். பாய் சொல்லச் சொல்ல மருத்துவர் எழுதிக்கொண்டார். தேன்மொழி, "எங்கூடயும் வாய மெல்லுனாங்க டாக்டர்" என்றாள். சொல்லி முடித்ததும் அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

எனக்கு வந்திருப்பது டெம்போரல் மடல் வலிப்பு (காதுக்கு மேல் உள்ள மூளைப்பகுதியில் மின்னோட்டம் திடீரெனத் தாறுமாறாவது). கீழே விழுந்து கை கால் இழுப்பது மட்டும் வலிப்பு அல்லவாம். கருகல் வாசம் அதன் முன்னறிகுறி (வலிப்பு தொடங்குவதை மூளை அந்த வாசமாக உணர்வது). மாத்திரை தவறக் கூடாது, தான் சொல்லும் வரை வண்டியைத் தொடக் கூடாது என்றார் மருத்துவர். வந்தால் ஆபத்தான பொருளை விலக்கி வையுங்கள், விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள் என்றார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனை. கையில் இரும்பு கொடுக்கத் தேவையே இல்லை.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன்.  அவர், "வேல உங்குளுதுதானுங்க, பாதுகாப்பு எங்குளுது" என்றார். மறுநாள் என் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கியது. வலிப்பு வந்தால் கையில் கொடுக்கவாம். தரையிலிருந்து கூரை வரை இரும்பு கிடக்கிற பட்டறையில், மனிதர் இரும்பை வெளியிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். பாய் அதைக் கழற்றி அவரிடமே கொடுத்து விளக்கினார். அந்த ஆணியில் இப்போது கடிகாரம் தொங்குகிறது.

முதல் இரண்டு மாதம் மாத்திரை என்னைப் புரட்டிப்போட்டது. உட்கார்ந்தால் தூக்கம், எழுந்தால் கிறுகிறுப்பு, எதற்கெடுத்தாலும் அழுகை. அளவை மாற்றினார்கள். இரண்டு முறை வந்தது, பிறகு நின்றது. இப்போது ஐந்து மாதமாக வரவில்லை. இனி வராது என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

உங்களில் யாராவது என்னைப் போல மருத்துவர் அறை வராந்தாவில் உட்கார்ந்திருந்தால், உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்ல ஆசைதான். ஆனால் பயம் போகவில்லை. பழைய உடம்பு என்னுடையது மட்டும் என்று நினைத்திருந்தேன். இப்போதைய உடம்பின் சில நிமிடங்கள் என்னிடம் இல்லவே இல்லை. அவை பாயிடமும் தேன்மொழியிடமும் இருக்கின்றன. நான் கேட்டால் உள்ளபடி சொல்வார்கள் என்று நம்பித்தான் அடுத்த நிமிடத்துக்குப் போகிறேன். போர்டுக்குப் போகும் முன் மூன்று கட்டைகளையும் நானே பிடுங்கிப் பாய் கையில் கொடுக்கிறேன். அவர் என் கண் முன்னால் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக் காட்டுவார்.

போன வியாழக்கிழமை காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். பாய் ஒரு பழைய மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தார். வாசம் வந்தது. அதே கருகல். கை நின்றுவிட்டது. ஐந்து மாதம் போச்சு என்று நினைத்தேன். கைப்பிடியை விட்டுவிட்டு, சொல்லிவைத்தபடி, "பாய், எனக்கு வாசம் வருதுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, சட்டென்று திரும்பி மெயினை அணைத்தார்.

"எனக்கும் வருதுங்க அம்மணி."

மோட்டாரின் மூடியிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐந்து. வாசம் வந்தவுடன் பார்த்தபோது பதினொன்று நான்கு. நடுவில் எதுவும் தொலையவில்லை.