மீட்டர் சூடாகும்வரை லாரி நகராது

என் மனைவிக்குப் பொறுமை துளியும் கிடையாது. அடுப்பில் பால் வைத்தால், அது பொங்குவதற்குள் நாலு தடவை எட்டிப் பார்த்துத் திட்டுவாள். கல்யாணமான புதிதில், நிற்காமல் போன பேருந்தை இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தே நிறுத்தியவள். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. அப்படிப்பட்டவளுக்குத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'பொறுங்க அக்கா'. முதல்முறை கேட்டபோது சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகளை அங்கே செய்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் சூட்டை அளக்கும் சென்சாரை மேசைமேல் இருக்கும் மீட்டரில் இணைத்துச் சரிபார்ப்பது அவள் வேலை. ஸ்விட்சைப் போட்டதுமே அந்த மீட்டர் எண் காட்டும். ஆனால் உள்ளே சூடேறி ஒரு நிலைக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை அது காட்டுவதை நம்பக்கூடாது. அதனால் அவள் அதை அணைப்பதே இல்லை.

"என்கிட்ட ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டே. அந்த மீட்டருக்கு மட்டும் ஒரு மணி நேரமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க பொய் சொன்னா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். அது பொய் சொன்னா தெரியாதுங்க" என்றாள்.

நான் லாரி ஓட்டுகிறேன். அந்த முறை பெட்டிகளைத் துறைமுகத்தில் சேர்க்கும் வேலை எனக்கே கிடைத்தது. மத்தியானம் கேட்டை மூடிவிடுவார்கள். கப்பலைத் தவறவிட்டால் வெளிநாட்டு ஆர்டர் போச்சு, என் லாரிக்குத் தொழிற்சாலையில் இனி வேலையும் போச்சு. காலையில் இருவரும் ஒன்றாகத்தான் தொழிற்சாலையில் போய் இறங்கினோம்.

உள்ளே மேனேஜர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். இரவு கரண்ட் போய் மீட்டர் அணைந்திருக்கிறது. சீக்கிரமே வந்தவர் அதைப் போட்டு, உதவியாக இருக்கட்டுமே என்று தானே அளந்து பார்த்திருக்கிறார். ஒன்றுகூடத் தேறவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு பெட்டியாகத் திருகத் தயாராகிவிட்டார்.

"கையை எடுங்க சார்!" என்று பாய்ந்தாள். "பெட்டியில ஒண்ணும் கோளாறு இல்ல. மீட்டர் இன்னும் நிலைக்கு வரல. இப்ப திருகினீங்கன்னா சரியா இருக்கறதெல்லாம் தப்பாயிடும்!" ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். "ஒரு மணி நேரம் யாரும் தொடாதீங்க."

நான் வாசலில் லாரிக்குள் உட்கார்ந்து நெளிந்தேன். பாதி நேரம்கூடத் தாங்கவில்லை, ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டேன். அவள் வெளியே வந்து தெருவுக்கே கேட்கும்படி என்னைக் கிழித்தாள். நானும் விடவில்லை. சண்டை முடிந்து உள்ளே போனவள் போட்ட கூச்சலில் நான் குதித்து இறங்கி ஓடினேன்.

மேனேஜர் மீட்டரைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். சுட்டிருக்கிறது. பாவம், எரிந்து போய்விடுமே என்று தன் அறையிலிருந்து மின்விசிறியைத் தூக்கிவந்து அதன் முகத்துக்கு நேராக வைத்துவிட்டார். மெல்ல அடங்கி வந்த எண்கள் மறுபடி அலைந்துகொண்டிருந்தன.

"குளிரட்டும்னு வச்சேன்மா..."

"அது சூடாகறதுக்குத்தான் சார் நான் உயிரை விடறேன்!" விசிறியின் வயரைப் பிடுங்கினாள். "மறுபடி முதல்லேர்ந்து."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "லாரி உங்களுது, அவங்க உங்க வீட்டம்மா. நீங்களாவது சொல்லுங்க. கேட் மூடிட்டா நாம எல்லாருமே தெருவுலதான்."

அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் மீட்டருக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றாள். சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"நீ எப்ப சொல்றியோ அப்ப கிளம்பறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த ஒரு மணி நேரம் நெருப்பின் மேல் உட்கார்ந்ததுபோல் இருந்தது. தேர்தல் முடிவுக்குக் காத்திருக்கும் கூட்டம்போல் எல்லோரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்தோம். எண்கள் அலைந்தன, தயங்கின, நின்றன. அவள் முதல் பெட்டியை இணைத்தாள். "சரி!" அடுத்தது, "சரி!" அவள் சொல்லச் சொல்ல நாங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒன்றுகூடத் தவறவில்லை. மேனேஜர் என்னைக் கட்டிப்பிடித்தே விட்டார்.

"ஏறுங்க, ஏறுங்க!" என்று சாவியை வீசிவிட்டு அவளும் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

பறந்தோம். துறைமுகச் சாலையில் திரும்பும்போதே கேட் மெல்ல நகர்வது தெரிந்தது. ஹாரனை அழுத்தினேன். அங்கே நிற்கும் லாரிகள் எல்லாமே கத்திக்கொண்டிருந்தன. கேட்காரர் எதற்கென்று திரும்புவார்? இன்னும் ஒரு ஆள் நுழையும் இடைவெளிதான் பாக்கி.

அவள் ஜன்னல் வழியே இடுப்புவரை வெளியே சாய்ந்தாள். கொண்டையில் ஸ்க்ரூடிரைவர் அப்படியே இருந்தது. இரண்டு விரலை வாயில் வைத்தாள்.

அந்த விசிலில் துறைமுகமே திரும்பிப் பார்த்தது. கேட் நின்றது.