நாய்க்கு ஒரு தலைக்கட்டு

ரப்பர் பால் வெட்டப் போகும்போது எங்கள் நாய் எனக்கு முன்னால் போகும். ஒரு மரத்தின் பட்டையை நான் சீவி முடிப்பதற்குள் அடுத்த மரத்தடியில் போய் உட்கார்ந்திருக்கும். ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். அதனோடு பேசிக்கொண்டே வெட்டுவேன்.

போன மழைக்காலத்தில் அது தலையை உதறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் இடது காதுமடல் நெய்யப்பம் போல உப்பித் தொங்கியது. தொட்டால் உள்ளே தண்ணீர் தளும்புவது போலிருந்தது. அன்று அது என்னோடு வரவில்லை. தலையைச் சாய்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டது.

கூட வேலை செய்கிறவன் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏலே மக்கா, பால் வெட்டுத கத்தி கையிலதானே இருக்கு? ஒரு கீறு போடு. மரத்துல பாலுக்குக் கெட்டுத மாதிரி கீழ ஒரு சிரட்டையும் கெட்டு. எல்லாம் வடிஞ்சிரும்."

எனக்கும் சரியென்றே பட்டது. கீறினால் வடியும் என்பதுதானே நாங்கள் தினமும் பார்ப்பது. கத்தியை வெந்நீரில் கழுவிக்கொண்டு வந்தேன். நாய் என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. மனைவி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அது மரமா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. டாக்டர்ட்ட பேச நாணம், அதானே?"

அதுதான் உண்மை.

மறுநாள் ஆட்டோவில் கொண்டுபோனேன். டாக்டர் இளம்பெண். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே புண்ணாம். அந்த அரிப்பில் உதறி உதறி, மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து ரத்தம் தேங்கிவிட்டதாம்.

"கீறி விட்டா போராதா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"வடியும், அண்ணே. கீறுன வாய் அடைஞ்சதும் திரும்ப நிறையும். சும்மா விட்டாலும் காது சுருங்கிப் போயிரும். காதுக்குள்ள இருக்க புண்ணும் ஆறணும்."

மரத்திலும் பால் உறைந்து கீறலை அடைத்துவிடும். அது புரிந்தது.

மயக்க ஊசி போட்டு ரத்தத்தை எடுத்தார். தோல் ஒட்டிப்பிடிக்க, மெத்தை தைப்பதுபோல அங்கங்கே தையல் போட்டார். மிச்சம் வடிவதற்குச் சின்ன வாய் விட்டு, காதைத் தலையோடு சேர்த்துக் கட்டினார். புண்ணுக்குச் சொட்டு மருந்தும் தந்தார்.

கட்டை அது பிராண்டாமலிருக்க, மனைவி என் பழைய பனியனை வெட்டித் தலைப்பாகை போல மாட்டிவிட்டாள். கட்டு மாற்றக் கொண்டுபோகும்போதெல்லாம் வழியில் ஆட்கள் நிறுத்தினார்கள்.

"என்ன ஓய், மாப்பிள்ளைக்குக் கல்யாணம் எப்பம்?"

நின்று காதின் கதையைச் சொல்வேன். சொல்லச் சொல்லக் கூச்சம் கொஞ்சம் விட்டது.

தையல் பிரித்தபோது மடலின் ஓரம் லேசாகச் சுருங்கியிருந்தது. வீக்கம் இல்லை. அடுத்த காலையில் நான் கத்தியை எடுத்ததும் அது முன்னால் ஓடியது. அடுத்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. பேச்சுக் கொடுத்தேன். அந்தக் காதைத்தான் முதலில் தூக்கியது.