பொட்டு வைத்த மடிக்கணினி

எழுமலையில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தன. அதில் எல்லாருக்கும் வசதிதான், எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். காலையில் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பெரியப்பா மகளின் முகம். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவளுக்குப் புதுக் கொலுசு வாங்கினால் எனக்குத் தூக்கம் போய்விடும். அவள் காய்ச்சலில் படுத்து, உறவெல்லாம் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமுமாகப் பார்க்கப் போனால், நமக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

பதினொன்றாம் வகுப்பில் அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு எடுத்தாள். நானும் எடுத்தேன். எனக்கு அந்தப் பாடத்தில் ஆசை இருந்ததா என்றால், அப்போது அவள் எடுத்ததில் எல்லாம் எனக்கு ஆசை இருந்தது. அப்பாவுக்கு இதில் சம்மதமே இல்லை. மெஷின் இல்லாத வீட்டில் மெஷின் படிப்பு எதற்கு என்றார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"பன்னெண்டாவதுல அந்தப் பாடத்துல அண்ணன் மகளுக்குக் கொறையாம மார்க்கு எடுத்தா மதுரைக் காலேஜுல சேத்து விடுறேன். கொறஞ்சுச்சுன்னா ஒங்க அம்மாகூடத் தையல் மெஷின்ல ஒக்காந்துரணும். அதுவும் மெஷின்தானே."

அம்மா ஜாக்கெட் தைத்துக்கொண்டே இதைக் கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பித்த மாதமே கம்ப்யூட்டர் ஆசிரியர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அவருடைய வகுப்பில் வேதியியல் ஆசிரியை வந்து உட்கார்ந்து, "சத்தம் போடாம நீங்களே படிங்க" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்துவார். கம்ப்யூட்டர் அறையின் சாவி தலைமையாசிரியர் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. ஆக, பைத்தான் என்ற மொழியை நாங்கள் பாடப்புத்தகத்தைப் பார்த்து நாங்களேதான் கற்றுக்கொள்ள வேண்டும். நீச்சலைப் புத்தகத்தில் படித்துவிட்டுக் கிணற்றில் குதிப்பது மாதிரியான காரியம். ஆனால் அவளுக்கும் எனக்கும் ஒரே நிலைமை என்பதால் என் மனம் அமைதியாக இருந்தது.

அந்த அமைதி ஆயுத பூசையோடு முடிந்தது. திருப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் பூசைக்கு ஊருக்கு வந்தவன், படிக்கிற காலத்தில் தனக்கு அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியைக் கையோடு கொண்டுவந்தான். "இனிமே இது தங்கச்சிக்கு" என்று தெருவே கேட்கச் சொன்னான். எனக்கு உள்ளங்காலில் இருந்து உச்சி வரை எரிந்தது.

எங்கள் வீட்டில் மம்பட்டி, அரிவாள், தையல் மெஷின் மூன்றுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு எல்லாரும் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அங்கே டிராக்டர், பம்புசெட் மோட்டார், மருந்தடிக்கும் மெஷின் எல்லாம் கழுவித் துடைத்து நின்றன. நடுவில் ஒரு மணையில் மடிக்கணினி. மூடியிருந்ததைப் பெரியம்மா திறந்து வைக்கச் சொன்னாள். மூடி வைத்தால் சாமி எப்படிப் பார்க்கும் என்று கேட்டாள். பெரியப்பா குழைத்த சந்தனத்தை எடுத்துத் திரையில் மூன்று பட்டை போட்டார். அப்புறம் எந்தக் கட்டையும் மனம் கோணக் கூடாது என்று கீபோர்டின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொட்டு, பொட்டின் மேல் குங்குமம். மாவிலையால் தீர்த்தம் தெளிக்கும்போதும் டிராக்டருக்குத் தெளித்ததைவிட அதற்குத்தான் தாராளம். எலுமிச்சம் பழத்தை மட்டும் எங்கே வைத்து நசுக்குவது என்று கொஞ்ச நேரம் யோசித்து, டிராக்டர் சக்கரத்தடியில் வைத்தார்.

அவ்வளவு அழகான ஒரு பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து எனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுதேன். அம்மா, "பல்லு இருக்கவன் பக்கோடா திங்கிறான். நீ புஸ்தகத்தப் படி" என்றாள்.

படித்தேன். கோபத்தில் படித்தால் பாடம் ஏறாது என்பார்கள். எனக்குக் கோபத்தில்தான் ஏறியது. முதலில் x = x + 1 என்று ஒரு வரி வந்தது. கணக்குப் பாடத்தில் இப்படி எழுதினால் ஆசிரியர் காதைத் திருகிவிடுவார். ஒரு எண் தன்னைவிட ஒன்று கூடுதலாக எப்படி இருக்கும்? அச்சுப்பிழை என்று நினைத்துப் பேனாவால் அடித்தேன். அடுத்த பக்கத்திலும் அதே பிழை, அதற்கடுத்த பக்கத்திலும் அதே. கடைசியில் அம்மாவின் பட்டன் டப்பாவை எடுத்துத் தரையில் கொட்டினேன். ஒரு எவர்சில்வர் மூடியில் தையல் சாக்கட்டியால் x என்று எழுதினேன். அதற்குள் மூன்று பட்டன் போட்டேன். இருப்பதை எடு, ஒன்றைச் சேர், திரும்ப அதே மூடியில் போடு. அந்த வரி சொன்னது அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த மத்தியானம் எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. அவள் மெஷினில் இதையெல்லாம் எப்போதோ முடித்திருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் பாதிப் பெருமை போய்விட்டது.

அதற்குப் பிறகு எல்லாப் புரோகிராமையும் மூடியும் பட்டனுமாகத்தான் ஓட்டினேன். சோற்றுப் பானை மூடி, டிபன் மூடி, ஊறுகாய் ஜாடி மூடி என்று வீட்டில் எந்தப் பாத்திரமும் மூடியோடு இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் பெரியப்பா மகள் சாயங்காலமானால் தெருவைத் தாண்டி வர ஆரம்பித்தாள். வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டு புத்தகத்தைப் பிரித்துக் காட்டுவாள்.

"ஏடி, இதுல அஞ்சுக்குப் பதிலா எட்டக் குடுத்தா என்ன வரும்?"

வீட்டில் மெஷினில் போட்டு விடையைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிகிறதா என்று சோதிக்க வருகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடுவேனா? மூடிகளைப் பரப்பி, பட்டனை மாற்றி மாற்றிப் போட்டு விடையைச் சொல்வேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிதான்" என்று சொல்லிப் போய்விடுவாள். ஒரு பாராட்டுக் கிடையாது. அந்தச் 'சரிதான்' எனக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய்.

ஒருநாள் ஒன்றிலிருந்து ஐந்து என்று கொடுத்து எண்ணச் சொல்லும் புரோகிராம் ஒன்றைக் கேட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வரும் என்றேன். "சரிதான்" என்றாள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது, அந்த மொழியில் கடைசி எண் கணக்கில் சேராது, நான்கோடு நின்றுவிடும் என்று போட்டிருந்தது. பாதகத்தி! திரையில் நான்கு என்று பார்த்துவிட்டு வந்து, நான் ஐந்து என்று உளறியதைக் கேட்டுக்கொண்டு, பரீட்சையில் தப்பாகவே எழுதட்டும் என்று வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறாள். மறுநாள் அவள் வருவதற்கு முன்னாலேயே நான் போனேன்.

"நேத்து நான் சொன்னது தப்பு. நாலோட நின்னுரும்" என்றேன், கண்டுபிடித்துவிட்டேன் பார் என்கிற தோரணையில்.

"அப்புடியா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, "சரிதான்" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு விடையையும் இரண்டு தடவை போட்டுப் பார்த்த பிறகுதான் அவளிடம் வாயைத் திறந்தேன். எதிரியிடம் தப்பு விடை சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் கம்ப்யூட்டர் அறையைத் திறந்தார்கள். வேறொரு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்து எங்களைப் பழக்கினார். எல்லாரும் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினோம். அரிசியில் கல் பொறுக்குகிற வேகம். பெரியப்பா மகளும் அப்படியேதான் தேடினாள். 'கே' எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. தெரியும் என்று காட்டிக்கொண்டால் நாலு பேர் வந்து உதவி கேட்பார்கள், அதற்காக நடிக்கிறாள். என்ன நடிப்பு, என்ன அழுத்தம் என்று அன்று வீடு வரை பொருமிக்கொண்டே வந்தேன்.

செய்முறைத் தேர்வன்று எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்தினார். என் புரோகிராமை நான் முதல் தடவையிலேயே ஓட்டிவிட்டேன். பட்டன் இல்லாமல் எண்கள் தாமாக வந்து விழுந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவளுக்கு, ஒன்றிலிருந்து கொடுத்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கிச் சொல்லும் ஃபாக்டோரியல் கணக்கு வந்திருந்தது. பிழையில்லாமல் தட்டி முடித்திருந்தாள். மெஷின் எண்ணைக் கேட்டது. ஆறு என்று கொடுத்தாள். கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டு நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கேட்பது மாதிரியே கேட்டாள்.

"ஏடி, ஆறக் குடுத்தா என்ன வரும்?"

"எழுநூத்தி இருவது" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

தேர்வாளர் அங்கேயே நின்றுவிட்டார். அறை முழுக்க எங்களைப் பார்த்தது. எனக்குத் தையல் மெஷினும் அதன் முன்னால் குனிந்திருக்கும் என் உருவமும் கண்ணில் ஓடின.

"ஏம்மா, கண்ணு முன்னாடி கம்ப்யூட்டர் இருக்கு, அத விட்டுட்டு அந்தப் புள்ளையப் போய் கேக்குற? என்டரத் தட்டு, அதுவே சொல்லும்" என்றார் அவளிடம். என்னிடம், "நீ இன்னொருக்க வாயத் தொறந்த, வெளிய போயிருவ" என்றார்.

அவள் தட்டினாள். 720 என்று வந்தது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, சத்தம் வராமல் "சரிதான்" என்று உதட்டை அசைத்தாள். என்னைப் பரீட்சையிலிருந்து விரட்டுவதற்கே செய்த சதி இது என்று முடிவு செய்துகொண்டேன். தேர்வாளர் நல்ல மனிதர், அதோடு விட்டுவிட்டார்.

முடிவு வந்தது. கம்ப்யூட்டரில் அவளுக்கு என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட. அம்மா, "மெஷின வச்சுப் படிச்ச புள்ளைக்கு ரெண்டு மார்க்கு கூட வராதா?" என்று எனக்காகப் பரிந்து பேசிப் பார்த்தாள். சொன்ன சொல் சொன்னதுதான் என்று அப்பா முகத்தில் இருந்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, அந்த மடிக்கணினி மட்டும் என்னிடம் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

சாயங்காலம் அவள் தெருவைத் தாண்டி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேரே அப்பாவிடம் போனாள்.

"சித்தப்பா, மதுரைக்கு அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல தனியா என்னால போக முடியாது. அவளும் வந்தா நான் காலேஜுக்குப் போறேன். இல்லாட்டி நானும் வீட்டுலயே இருந்துக்கிறேன்."

இதைப் பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். பெரியப்பாவும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தார். அண்ணன் பேச்சை அப்பா தட்டியதில்லை. காபி ஆறுவதற்குள் நான் கல்லூரி மாணவி ஆகிவிட்டேன். எனக்கு அது இனிக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்குத் துணையாகத் தோழியை அனுப்புகிற மாதிரி என்னை அனுப்புகிறார்கள் என்று குமைந்தேன்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்கப் பெரியப்பா எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். "இனிமே ரெண்டு பேரும் வச்சுப் படிக்கணும்ல, ஒருக்க கடையில சர்வீசுக்குக் காட்டிருவோம்" என்று மடிக்கணினியையும் பையில் எடுத்து வைத்திருந்தார். பெரியப்பா மகள் அன்று வழியெல்லாம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பும்போது உசிலம்பட்டியில் இறங்கினோம். பெரியப்பா டீ குடிக்கப் போக, நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் கடைக்குள் போனோம்.

கடைக்காரர் திருகாணிகளைக் கழற்றிக் கீபோர்டைத் தூக்கினார். உள்ளே மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து, வெடித்துக் கிடந்தது.

"யாரு பாப்பா இதுக்கு அபிசேகம் பண்ணது? போர்டு மொத்தமும் போச்சு. இது செத்து ரொம்ப நாளாச்சே."

"ஆயுத பூச அன்னைக்கு" என்றாள் பெரியப்பா மகள் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்குச் சாயங்காலமே ஆன் ஆகலடி. ஒருநாள்கூட ஓடல. அப்பா தன் கையால பொட்டு வச்சது. வச்ச அன்னைக்கே செத்துப்போச்சுன்னு எப்புடிச் சொல்றது? மனசு ஒடஞ்சுருவாருல்ல. நீயும் சொல்லிராத."

அவளைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த நேரம் எனக்கு வயிறு குளிர்ந்தது. இத்தனை மாதம் எரிந்ததற்கு ஒரு குடம் தண்ணீர். அவளிடமும் ஒன்றும் இல்லை! அடுத்த நொடியே வேறொரு கணக்கு இடித்தது.

"அப்ப எப்புடிடி என்னையவிட ரெண்டு மார்க்கு கூட வாங்குன?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். இதுகூடவா தெரியாது என்கிற பார்வை.

"எனக்கெதுக்குடி இது? அதான் எதுத்த வீட்டுல நீ இருந்தியே."

மெஷினே இல்லாமல் உன்னை ஜெயித்தேன் பார் என்று குத்திக் காட்டுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெரியப்பாவைத் தேடி நடந்தேன். எழுமலை பஸ்ஸில் முதலில் ஏறிய அவள் இரண்டு பேருக்கும் இடம் பிடித்து, ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.