கலங்கி வந்த தண்ணீர்

பாலாவிச் சந்தியிலிருந்து உள்ளே மூன்று கட்டை தூரம் போனால் ஒரு படகுக் குளம் இருந்தது. தென்னந்தோட்ட முதலாளி ஒருவர் ஓடையை மறித்து, மண்ணால் கட்டு எழுப்பி, ஆறு மிதிபடகுகளை அதில் விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்துக்கொண்டு சிலாபத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். அங்கே காவல்காரன், படகுக்காரன், கூட்டித் துப்புரவு செய்பவன் எல்லாம் மர்ஸூக்தான்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டியதில் மன்னாரை விட்டு வரும்போது அவனுக்கு ஒன்பது வயது. கற்பிட்டியில் இறங்கும்வரை அவன் கையை விடாமல் பிடித்திருந்தவள் அக்கா ஜுனைதா. அகதி முகாமில் உம்மா மௌத்தான பிறகு ராத்தாவே அவனுக்கு உம்மா. அதனால்தான், ஜுனைதாவின் புருஷன் இறந்துபோய் வாடகை வீட்டையும் விட வேண்டி வந்தபோது, மர்ஸூக் முதலாளியைப் பிடித்து, கட்டுக்குக் கீழே ஒரு துண்டுக் காணி எடுத்துக் கொடுத்தான். ஏற்கெனவே அங்கே நாலு குடும்பங்கள் இருந்தன. "இஞ்ச வாங்க ராத்தா, நான் பக்கத்துலயே இருப்பன்" என்று கூட்டி வந்ததும் அவன்தான்.

ஜுனைதாவின் கிணறு கொளுத்துகிற ஆகஸ்டிலும் வற்றவில்லை. "சுத்தி முழுக்க உப்புத் தண்ணி, எனக்கு மட்டும் அல்லாஹ் சீனித் தண்ணி தந்திருக்கான், பாத்தியா?" என்பாள். அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து ஊறுகிறது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

கோடையில் படகுகள் தரை தட்டுகின்றன என்று முதலாளி குளத்தின் ‘வான்’ என்ற இடத்தில் சீமெந்துக் கல் வைத்துக் கட்டினார். மழைக் காலத்தில் மேலதிகத் தண்ணீர் வழிந்து போகும் வாய் அது. அதை அடைத்ததில் குளம் இரண்டடி உயர்ந்தது. அடுத்த மாரியில் கட்டின் அடியில் ஓரிடம் ஈரமாகவே கிடந்தது. உடும்பு தோண்டிய பொந்துகளை மர்ஸூக் களிமண்ணால் அடைத்தான், ஈரம் போகவில்லை. அந்தப் பக்கம் வேறு குளம் பார்க்க வந்த ஒரு நீர்ப்பாசன உத்தியோகத்தரைக் கெஞ்சிக் கூட்டி வந்து காட்டினான்.

"தெளிஞ்சு கசிஞ்சா கவனமா இருங்க. கலங்கி வந்தா உள்ளுக்குள்ள மண் அரிக்குது எண்டு அர்த்தம். அப்ப நிக்கக் கூடாது. முதல்ல அந்தக் கல்லை எடுக்கச் சொல்லுங்க" என்றார் அவர்.

மர்ஸூக் முதலாளிக்குப் போன் எடுத்தான். பிறகும் எடுத்தான். "டிசம்பர் லீவு முடியட்டும், பாப்பம்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். ஒரு டிசம்பர் முடிந்து அடுத்த நவம்பரும் வந்தது.

நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை, வெளிச்சம் வந்ததும் மர்ஸூக் கட்டின் அடிக்குப் போனான். முதல் நாள் கண்ணாடிபோல வழிந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில், விரல் பருமனில் பீறிக்கொண்டிருந்தது. போனை எடுத்தான்.

"ராத்தா, எல்லாரையும் எழுப்பிக்கிட்டு ரோட்டுக்கு ஏறுங்க. கட்டு போகப் போகுது."

"என்னடா சொல்றாய்?"

"தண்ணி கலங்கி வருது. நிக்காம ஏறுங்க!"

"ஓம் தம்பி, ஓம். நீ?"

"வாறன்."

அவன் கீழே வீடுகளுக்கு ஓடவில்லை. இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வானுக்கு ஓடினான். கல்லை உடைத்தால் தண்ணீர் அந்த வழியால் இறங்கிவிடும், கட்டு தப்பிவிடும் என்று நினைத்தான். பலம் கொண்ட மட்டும் குத்தினான். மூன்றாவது கல் பெயர்ந்ததும் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள், லொறி மண் கொட்டுவது போன்ற சத்தம் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தான். கட்டின் நடுப்பகுதியைக் காணவில்லை.

ரோட்டில் நின்றவர்களை அவன் மேலிருந்தே பார்த்தான். ராத்தாவின் பக்கத்து வீட்டுக் கில்பட்டின் குடும்பம், மற்றவர்கள், பிள்ளைகள், எல்லாரும் நின்றார்கள். ராத்தா இல்லை.

நடந்ததைக் கில்பட்தான் அழுதழுது சொன்னான். ஜுனைதா நாலு வீட்டுக் கதவையும் தட்டி எழுப்பியிருக்கிறாள். கில்பட்டின் கைக்குழந்தையைத் தோளில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து தாயிடம் கொடுத்திருக்கிறாள். பிறகு, "ஆடு ரெண்டும் கட்டியபடி நிக்குது, அவுத்து விட்டுட்டு வாறன்" என்று திரும்பியிருக்கிறாள். கில்பட் கூப்பிட்டிருக்கிறான். "வாய் பேசாத சீவன் தம்பி, இந்தா வந்துட்டன்" என்றவளைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, தோட்ட வேலிக் கம்பிகளோடு சிக்கியிருந்தவளைக் கண்டெடுத்தார்கள். ஓர் ஆடு உயிரோடு மேட்டில் நின்றது. அதன் கழுத்தில் கயிறு இல்லை.

விசாரணையில் மர்ஸூக் ஒன்றையும் மறைக்கவில்லை. காவல்காரன் இதைப் பற்றித் தனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். எத்தனை தடவை அழைத்தான் என்பது போனில் இருந்தது. என்ன கதைத்தான் என்பது இல்லை. வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது. மர்ஸூக் இப்போது உப்பளத்தில் வேலை செய்கிறான். அவனால் இத்தனை பேர் தப்பினார்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவான்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி, வந்தவர்கள் கலைந்த பிறகு, ஜுனைதாவின் மகள் ஸஃப்னா அவன் முன்னால் வந்து நின்றாள். சிலாபத்தில் தாதி வேலை பழகுகிறவள். கட்டு உடைந்த காலையிலும் அவள் அங்கேதான் இருந்தாள்.

"மாமா, நீங்க ஏன் முதல்ல எங்கட வீட்டுக்கு ஓடல்ல?"

எத்தனையோ பதில்களை அவன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருந்தான்.

"நிப்பாட்டிடலாம் எண்டு நினைச்சன் மகள்" என்றான். "என்னால ஏலும் எண்டு நினைச்சன்."

ஸஃப்னா அழவும் இல்லை, ஏசவும் இல்லை. உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். கூட வரட்டுமா என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவளே போன் எடுத்தாள். உம்மாவின் மரணப் பத்திரம் ஒரு பிரதி வேண்டுமாம், எங்கே எடுப்பது என்று கேட்டாள். அவன் சொன்னான். "சரி மாமா" என்று வைத்துவிட்டாள். மாமா என்று சொன்னாள்தானே என்று அவன் அன்று முழுக்க உப்புப் பாத்திகளுக்கு நடுவே நினைத்துக்கொண்டிருந்தான்.