ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

நம்பினால் நம்புங்கள். எனக்கு நடந்தது. அதுவும் பேய்களுக்கென்று ஒதுக்கிய நள்ளிரவில் இல்லை. மதியம் மூன்று மணிக்கு, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது.

பழைய நூலகப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. கீழ்த்தளத்தில் பக்கங்களை ஸ்கேன் செய்வார்கள். மேலே நானும் அக்காவும் (உடன்பிறந்தவள் அல்ல, பக்கத்து நாற்காலிக்காரி) அந்தப் படங்களிலுள்ள எழுத்துகளை மென்பொருளைக் கொண்டு படிக்கவைப்போம். ஒரு பக்கம் முடிந்தால் 'டிக்' என்று சத்தம் வரும். அன்று அது நத்தை வேகத்தில் வந்தது.

"ஆறு மணிக்குள்ள வேகம் ரெண்டு மடங்கு ஆகணும். இல்லன்னா திங்கக்கிழமை ரெண்டு பேரும் வர வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் மேலாளர்.

"சம்பளம் ரெண்டு மடங்குன்னு சொல்ல மட்டும் இந்த மனுஷனுக்கு வாய் வராதே," என்றாள் அக்கா. சிரித்தோம். ஆனால் அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் மட்டும்தான்.

எங்கே தடங்கல் என்று தேடினேன். ஒவ்வொரு பக்கத்தின் இடது ஓரத்திலும் ஒரு கட்டைவிரல். யாரோ தாளை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். அந்த விரலின் ரேகைகளை எழுத்தென்று நினைத்து மென்பொருள் திணறிக்கொண்டிருந்தது.

ஓரத்தை வெட்டிவிடக் கட்டளை கொடுத்தேன்.

டிக் டிக் டிக்...

"அடிப்பாவி, பறக்குதுடி!" அக்கா டீ வாங்கப் போனாள்.

சற்று நேரத்தில் மறுபடி... டிக்... ... டிக்.

விரல் உள்ளே நகர்ந்திருந்தது. நான் வெட்டிய கோட்டைத் தாண்டி.

இன்னும் கொஞ்சம் வெட்டினேன்.

அடுத்த பக்கத்திலும் விரல் இருந்தது. நுனி இல்லை. நேர்கோட்டில் சீவியதுபோல... ரத்தம் இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

கீழ்த்தளத்துக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, தாளை யாருண்ணா பிடிக்கிறது?"

"எதுக்கும்மா பிடிக்கணும்? புத்தகத்தோட முதுக வெட்டி, தனித்தனித் தாளா மெஷின்ல அடுக்கிடுவோம். அதுவா இழுத்துக்கும்."

"விரல் ஏதும் படாதா?"

"மூடி இருக்கும்மா. விரலே நுழையாது."

நிறுத்தியிருக்கலாம். அக்காவின் வீட்டை நினைத்தேன். என் வீட்டையும்தான்.

மறுபடி வெட்டினேன்.

"ஸ்ஸ்..."

என் காதருகே. கையை அறுத்துக்கொண்டவர் பல்லிடுக்கில் இழுக்கும் மூச்சு.

திரும்பினேன்.

யாருமில்லை.

திரையில் சுத்தமான ஓரம். விரல் போயிருந்தது.

டிக் டிக் டிக் டிக்...

வேலை தப்பியது. ஒரு மாதம் கழித்து, கீழ்த்தளத்து அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த வெட்டுற மெஷினா? மூடின அச்சகத்துலேர்ந்து சல்லிசா வந்துச்சும்மா. சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்னு விரட்டினதுல அங்க வேலை பார்த்த ஒரு அம்மாவோட இடது கட்டைவிரல் அதுல போயிடுச்சாம். புண்ணு புரையோடி, ஆளும் போயிட்டாங்க."

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம்கூட.

நேற்று அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"ஏன்டி, அப்பப்ப ஸ்ஸ்னு இழுக்குறியே... கையில என்ன காயம்?"

நான் சத்தமே எழுப்பவில்லை.